புதுப்பிப்பு: வெள்ளி மின்முனையில் பிரிடினின் ராமன் சிக்னல் கிடைத்துவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பிரிடின் (ஒரு கரிமச் சேர்மம்) கலந்து, லேசர் ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் முறையில் வெள்ளி மின்முனையைப் பார்த்தால், நிறமாலையில் அலையெண் 1350, 1580 (செ.மீ⁻¹) பக்கம் இரண்டு தடித்த மேடுகள்தான் தெரிகின்றன என்று கேட்டிருந்தேன்.

"அது பிரிடின் இல்லை, லேசர் கருக்கிய கார்பன்" என்றவர் சொன்னதே சரி. 633 நானோமீட்டர் லேசரை 5 மில்லிவாட்டிலிருந்து 0.5-க்குக் குறைத்ததும் மேடுகள் போயின. பிரிடினும் வரவில்லை! இன்னொருவர் சொன்னபடி மின்முனையைப் பாலிஷ் செய்து, ஆக்சிஜனேற்ற-ஒடுக்கச் சுழற்சி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, மேற்பரப்பு வெள்ளியை ஆக்சிஜனேற்றி மீண்டும் வெள்ளியாகப் படியவைப்பது) கொடுத்துச் சொரசொரப்பாக்கினேன். கண்ணாடி மாதிரி மின்னிய வெள்ளி மங்கிப் பழுப்பேறியது. அப்புறம்தான் பிரிடினுக்குரிய 1008, 1036 இரண்டும் ஊசி போல எழுந்தன.

எதிர்பாராதது ஒன்று: ஆசைப்பட்டு மின்னழுத்தத்தை −1.2 வோல்ட் வரை இறக்கினேன். முன்பு வைத்திருந்த −0.6-க்குத் திரும்பிய பிறகும் சிக்னல் வரவில்லை. சொரசொரப்பில் இருந்த, சிக்னலைப் பெருக்கும் இடங்களே அழிந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து சொரசொரப்பாக்க வேண்டியதாயிற்று.