ஒளித்து வைத்துப் படிப்பவர்களே, ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. வாசிப்புக் கூட்டத்தில் கனமான இலக்கியமாகப் பேசிவிட்டு, ராத்திரி போர்வைக்குள் செல்பேசி வெளிச்சத்தில் நான் படிப்பது வேறு: உள்ளே தாழிட்ட அறை, நடுவில் பிணம், கொலையாளியைக் காணோம். அந்த வகைக் கதைகள்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் விட முடியவில்லை.

இப்போது அதுவும் அலுக்கிறது. ஒன்று, தாழ்ப்பாளில் நூலைக் கட்டி வெளியிலிருந்து இழுத்திருப்பார்கள். இல்லையென்றால், கதவை உடைத்து முதலில் உள்ளே ஓடுகிறவரே அந்த நொடியில் குத்தியிருப்பார். மூன்றாம் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டும் இல்லாத தந்திரத்தோடு தமிழில் ஏதாவது இருக்கிறதா? மொழிபெயர்ப்பானாலும் சரி. தலைப்பு மட்டும் போதும், முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தை நானே முதலில் புரட்டிக்கொள்வேன்.