மறு: பைட்கோடு என்ஹான்ஸ்மென்ட் = ஊடுதையல்?

ஐயா, வணக்கம். நம் கையேட்டில் 'பைட்கோடு என்ஹான்ஸ்மென்ட்' என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. பைட்கோடு என்பது ஜாவா நிரலைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் குறிமுறை; அதில் ஒரு கருவி பிறகு செய்யும் மாற்றம்தான் என்ஹான்ஸ்மென்ட். வகுப்பு என்பது ஜாவாவின் 'கிளாஸ்'.

> 'வகுப்பு மேம்பாடு' என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நம் கையேடு சிக்கல் தீர்க்கும் கையேடு. இந்தச் சொல் அதில் அதிகம் வரப்போவது எதிர்மறையாகத்தான்: 'இந்த வகுப்பு என்ஹான்ஸ் ஆகவில்லை'. அதை 'மேம்படுத்தப்படாத வகுப்பு' என்று எழுதினால் நலத்துறை அரசாணைபோலத் தோன்றும். இங்கே கோத்தகிரியில் என்னிடம் ஜாவா படிக்கும் பிள்ளைகளோ, நிரலை மோசமாக எழுதிவிட்டோம் என்று நினைத்து அதைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். நிரலில் கோளாறே இருக்காது.

நடப்பது இதுதான். கம்பைலர் பைட்கோடு அடங்கிய கிளாஸ் கோப்பைத் தந்த பிறகு, ஜாவா தரவைத் தரவுத்தளத்தில் சேமிக்க உதவும் ஓப்பன்ஜேபிஏ போன்ற கருவி அதைத் திறக்கிறது. புலங்களை நேரடியாகப் படிக்கிற, எழுதுகிற கட்டளைகளை எடுத்துவிட்டு, அங்கே தன் செயற்கூறுகளுக்கான அழைப்புகளை வைக்கிறது. அப்போதுதான் எந்தப் புலம் மாறியது, எது தரவுத்தளத்திலிருந்து இன்னும் வரவில்லை என்பது அதற்குத் தெரியும். மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறாது. அதனால்தான் ஐடிஇ (நாம் நிரல் எழுதும் மென்பொருள்) பின்னணியில் மறுபடி கம்பைல் செய்து கோப்பை மேலெழுதினால், சேர்த்தது அத்தனையும் சத்தமில்லாமல் போய்விடுகிறது. சந்தேகம் வந்தால், கிளாஸ் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஜாவாப் கருவியில் அந்தக் கிளாஸ் கோப்பைப் பார்க்கலாம். ஓப்பன்ஜேபிஏ என்றால் 'பிசி' என்று தொடங்கும் செயற்கூறுகள் இருக்கும், அதே வகைக் கருவியான டேட்டாநியூக்ளியஸ் என்றால் 'டிஎன்'. காணோம் என்றால் அந்த வகுப்பு கருவியின் கைக்குப் போகவில்லை, அல்லது போய்வந்த பிறகு மேலெழுதப்பட்டது.

> எக்ளிப்ஸ்லிங்க் 'வீவிங்' என்கிறதே, 'நெசவு' போதாதா?

அம்மா, எக்ளிப்ஸ்லிங்க்கும் இதே வகைக் கருவிதான், இதே வேலையைத்தான் அது அப்படி அழைக்கிறது. ஆனால் நெசவு என்றால் துணியே அப்போதுதான் உருவாகிறது. இங்கே துணி முன்பே தயார். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூவேலையைப் பாருங்கள். நெய்து முடித்த வெள்ளைத் துணியில், எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக நூல் கோக்கிறார்கள் தோடப் பெண்கள். பார்ப்பவர்களுக்குத் தறியிலேயே வந்ததுபோல இருக்கும். ஆகவே 'ஊடுதையல்' என்கிறேன். ஊடுதைத்த வகுப்பு, ஊடுதைக்காத வகுப்பு, ஊடுதைப்பி (அதைச் செய்யும் கருவி) என்று தேவையான வடிவங்கள் எல்லாம் இயல்பாக வருகின்றன. ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) வகுப்பை ஏற்றும்போது 'ஏஜென்ட்' என்ற துணைநிரல் வழியாக நடப்பதை 'ஏற்றநேர ஊடுதையல்' எனலாம்.

'பைட்கோடு' அப்படியே இருக்கட்டும். தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதைக் குறிக்கும் 'பர்சிஸ்டென்ட்' என்பதற்கு 'நிலைத்த' போதும், அதில் எனக்குச் சண்டையில்லை.

அப்புறம், ஜாவா 17-க்கு மாறியதும் பழைய ஊடுதைப்பிகள் கிளாஸ் கோப்பின் பதிப்பெண் 61-ஐப் படிக்கத் தெரியாமல் நின்றுவிடுவதையும் சேர்க்க வேண்டும். வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்தப் பதிப்பு ஊடுதைப்பிக்குத் தெரியாது. ஊடுதைப்பியைப் புதுப்பிக்கவும், வகுப்பின் நிரலை மாற்ற வேண்டாம்.' வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே வரியில் அதைப் பொருத்தி அனுப்புங்கள்.