விக்டோரியா பதிவை வைத்துச் சிட்னியில் சண்டை போடலாமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

தக்கலைக்காரன்:
தம்பி மெல்போர்னில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான், சாயங்காலம் கிக் பாக்சிங். விக்டோரியாவில் புரொஃபஷனலாகப் பதிவு இருக்கிறது. இப்போது சிட்னியில் ஒரு சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், "உன் பதிவே போதும், எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று நடத்துகிறவர் சொல்கிறாராம். உண்மையா? நான் மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அவனுக்கு நம்ம ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறை பழக்கியதும் நான்தான், அன்றைக்கு அவன் கார்னரில், அதாவது மேடை மூலையில் துணையாக, நான் நிற்க வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் ஆசை. விசிட் விசா, இங்கே வாங்கிய கோச் சான்றிதழ், இது போதுமா?

அப்புறம் முக்கியமான விஷயம். போன சண்டையில் அவன் நாக் அவுட் ஆனான், டாக்டர் கொஞ்ச நாள் இறங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். "அது விக்டோரியாவுக்குத்தான், சிட்னி வேற மாநிலம்" என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

நாகர்கோவில் டு சிட்னி:
அண்ணே, ஆட்டோமேட்டிக் என்று ஒன்று இருப்பது நிஜம். 1992-இல் இங்கே ஆஸ்திரேலியாவில் வந்த பரஸ்பர அங்கீகாரச் சட்டத்தில் 2021 ஜூலை 1 முதல் அதைச் சேர்த்தார்கள். ஒருவர் தன் சொந்த மாநிலத்து லைசன்ஸை வைத்தே இன்னொரு மாநிலத்தில் அதே தொழிலைச் செய்யலாம், மறுபடி கட்டணம் கிடையாது. ஆனால் எந்தெந்தத் தொழிலுக்கு இது வேண்டாம் என்று விலக்கி வைக்க மாநில அமைச்சர்களுக்கு அதிகாரம் உண்டு, சில தொழில்களில் வேலை தொடங்கும் முன் அங்குள்ள அமைப்புக்கு அறிவிக்கவும் வேண்டும். அதனால் நடத்துகிறவர் வாயால் சொன்னதை நம்பி பஸ் ஏற வேண்டாம், சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சண்டை விளையாட்டுகளைக் கவனிக்கிற காம்பாட் ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டிக்குத் தம்பியே மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கட்டும். ஆட்டோமேட்டிக் இல்லை என்றால் அதே சட்டத்தில் பழைய வழி இருக்கிறது, விண்ணப்பம் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

உங்கள் விஷயம் வேறு. அந்தச் சட்டம் ஆஸ்திரேலியாவுக்குள் கொடுத்த லைசன்ஸுக்கு, 1997 சட்டத்தால் நியூசிலாந்துக்கும் உண்டு, இந்தியச் சான்றிதழுக்கு இல்லை. இங்கே நியூ சவுத் வேல்ஸின் 2013 சண்டை விளையாட்டுச் சட்டப்படி கார்னரில் நிற்பவரும் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். டிரெய்னர், மேனேஜர், ரெஃபரி, ஜட்ஜ், நேரம் பார்க்கிறவர் எல்லோருக்கும் தனித்தனிப் பதிவு. விசிட் விசாவில் வேலை செய்யவும் கூடாது, சம்பளம் வாங்கவில்லையே என்று நாமாக முடிவெடுத்து ஏர்போர்ட்டில் போய் விளக்கம் சொல்ல முடியாது.

களியக்காவிளை பையன்:
நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மார்த்தாண்டம் ஆர்டிஓவில் எடுத்த டிரைவிங் லைசன்ஸ் பாறசாலையிலும் செல்லும், அதற்காக டாக்சியைப் பெர்மிட் இல்லாமல் செக்போஸ்ட் தாண்டி ஓட்ட முடியாது. தம்பியின் பதிவு தம்பிக்கு. அந்த நிகழ்ச்சிக்குப் பெர்மிட் வாங்குவது அதை நடத்துகிற புரொமோட்டர் பொறுப்பு, அதை யாரும் ஆட்டோமேட்டிக்காகக் கொடுக்க மாட்டார்கள். பெர்மிட்டைக் கண்ணில் காட்டச் சொல்லுங்க. எனக்குத் தெரிந்த ஒரு பையன் வெளி மாநிலத்துக்கு இப்படிப் போய், எடை பார்க்கிற அன்றைக்குத்தான் ரத்தப் பரிசோதனை முடிவு கேட்டார்கள் என்று திரும்பி வந்தான். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் முன்கூட்டியே எடுத்துத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்க.

குளச்சல் நர்ஸ்:
எல்லோரும் லைசன்ஸைப் பிடித்துக்கொண்டு அந்த நாக் அவுட்டை விட்டுவிட்டீர்கள். தம்பி, மாநில எல்லை மூளைக்குத் தெரியாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை மளமளவென்று வீங்கிவிடும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் இளம் வயசுக்காரர்களுக்கு, உயிரே போகலாம். அமெரிக்காவில் 1996-லேயே குத்துச்சண்டைக்குத் தனிச் சட்டம் போட்டு, நாக் அவுட் ஆனதற்காக ஒரு மாநிலம் நிறுத்தி வைத்தவரை வேறெந்த மாநிலமும் இறக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஊர் மாறி ஊர் போய்ச் சண்டை போடுகிறவர்களைத் தடுக்கத்தான். சிட்னியிலும் சண்டைக்கு முன்னால் டாக்டர் பார்க்காமல் விட மாட்டார்கள், அவரிடம் மறைப்பது தப்பு, பிடிபடாமல் போனால் அதைவிட மோசம். தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, பேச்சில் தடுமாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே வீடியோ காலில் கேளுங்க. அம்மாவிடமும் சொல்லுங்க, பிற்பாடு தெரிந்தால் தாங்க மாட்டாங்க.

தக்கலைக்காரன்:
அக்கா, இப்போதுதான் பேசினேன். வாந்தி இல்லை, தலைவலி இன்னும் இருக்கிறதாம், அதை என்னிடமே மறைத்திருக்கிறான். சிட்னிக்கு முடியாது என்று சொல்லச் சொல்லிவிட்டேன், நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறான். அடுத்த வருஷம் போவதென்றால் எனக்கு எந்த விசா?

நாகர்கோவில் டு சிட்னி:
விளையாட்டுக்கு என்று 408 என்ற தற்காலிக விசா இருக்கிறது, அழைக்கும் கிளப் ஸ்பான்சராகவோ ஆதரவாளராகவோ இருக்க வேண்டும், கார்னர் பதிவு அதற்கு மேல் தனி. அது ஒத்துவராவிட்டால் அவன் ஜிம்மில் பதிவு உள்ள டிரெய்னர் கார்னரில் நிற்கட்டும், நீங்கள் டிக்கெட் எடுத்து முன் வரிசையில் உட்காருங்க அண்ணே, அதற்கு விசிட் விசாவே போதும்.