ரஸ்கோல்னிகோவை வாட்டுவது குற்றவுணர்ச்சிதானா?

கேள்வி

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், அடகு பிடிக்கும் கிழவியைக் கொன்ற பிறகு, படிப்பை விட்ட மாணவன் ரஸ்கோல்னிகோவ் காய்ச்சலில் பிதற்றுகிறான், காவல் நிலையத்தில் மயங்கி விழுகிறான், செத்த கிழவி கனவில் வந்து சிரிக்கிறாள். இதெல்லாம் குற்றவுணர்ச்சி என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் சரணடையப் போகிற அன்றைக்கே அவன் தங்கை துன்யாவிடம், எது குற்றம், ஒரு பேனைத்தானே கொன்றேன் என்று சீறுகிறான் (6ஆம் பாகம், 7ஆம் அத்தியாயம்). சைபீரியாவுக்குப் போன பிறகும், கடைசிவரை தாக்குப்பிடிக்காமல் தானே போய் ஒப்புக்கொண்டதைத்தான் தன் ஒரே தவறாக நினைக்கிறான். அப்படியென்றால் அவனை இத்தனை நாள் பிய்த்துத் தின்றது எது? பயமா, தோற்றுப்போன அவமானமா, மனசாட்சியா? பாகம், அத்தியாயம் குறிப்பிட்டுச் சொன்னால் புரட்டிப் பார்க்க உதவும்.

பதில்

2ஆம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். நீங்கள் சொல்லும் பயம் அங்கே வந்து போய்விடுகிறது, அதன் பின்னால் வேறொன்று வருகிறது.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது கொலைக்காக அல்ல. வீட்டுக்காரிக்கு எழுதிக்கொடுத்த 115 ரூபிள் கடன் பத்திரத்துக்காக. அது தெரிந்ததும் அவனுக்குள் ஒரு முரட்டு மகிழ்ச்சி பொங்குகிறது. பயத்தின் கதை அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில பக்கங்களிலேயே, அதே அறையில், அதே மனிதர்கள் நடுவில், முடிவே இல்லாத ஒரு தனிமை அவனைப் பிடித்துக்கொள்கிறது. எதிரே இருப்பவர்கள் கூடப்பிறந்தவர்களாக இருந்தாலும் இனி அவர்களிடம் பேச ஒன்றுமில்லை என்று உணர்கிறான். மயங்கி விழுவது இதற்குப் பிறகுதான்.

அடுத்த அத்தியாயத்தில் பாலத்தின்மேல் நிற்கிறான். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துக் கையில் வைத்துப்போன இருபது கோபெக் நாணயத்தை ஆற்றில் எறிகிறான். எல்லோரிடமிருந்தும் தன்னைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டது போலத் தோன்றுகிறது அவனுக்கு. 3ஆம் பாகம் 3ஆம் அத்தியாயத்தில், பெற்ற தாயிடம்கூட இனி எதையும் மனம்விட்டுப் பேச முடியாது என்று திடுக்கிடுகிறான். இந்த மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். ‘கொன்றது தப்பு’ என்ற எண்ணம் அவனுக்கு இன்னும் வரவில்லை. மனிதர்களோடு இருந்த ஒட்டு அறுந்துவிட்டது, அறிவுக்கு எட்டும் முன்பே உடம்பு அதைத் தெரிந்துகொண்டுவிட்டது. அவன் பெயரிலேயே ‘ரஸ்கோல்’, அதாவது பிளவு, இருக்கிறது.

பணத்தையும் கவனியுங்கள். கிழவியிடம் திருடிய பணப்பையில் இருந்தது 317 ரூபிளும் மூன்று இருபது கோபெக் நாணயங்களும். விசாரணையில்தான் இந்தக் கணக்கே வெளியே வருகிறது. பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு முற்றத்துக் கல்லுக்கடியில் புதைத்து வைத்திருந்தான். நீதிமன்றத்தால் அதை நம்பவே முடியவில்லை. சித்தப்பிரமையில் நடந்த கொலை என்று முடிவுகட்ட அதுவும் ஒரு காரணமானது. தண்டனை எட்டு ஆண்டுக் கடின உழைப்போடு நின்றதற்கு அந்த முடிவும், தானாக வந்து ஒப்புக்கொண்டதும் துணைசெய்தன.

பதில்

மேலே சொன்னது சரி. ஆனால் அதில் லிஸவேதா இல்லையே, கிழவியோடு சேர்த்து அவன் கொன்ற அவள் தங்கை! ‘கிழவியைக் கொன்றான்’ என்றே பேசிப் பேசி நாமும் ரஸ்கோல்னிகோவ் செய்ததையே செய்கிறோம்.

அவன் தத்துவம் ஒரு கூட்டல் கழித்தல். உணவுவிடுதியில் ஒரு மாணவன் பேசுவது அவன் காதில் விழும்: ஒரு சாவு, பதிலுக்கு நூறு உயிர் (1ஆம் பாகம், 6ஆம் அத்தியாயம்). லிஸவேதா இந்தக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் வரமாட்டாள். அவள் யாரையும் சுரண்டியதில்லை, அக்காவிடம் அடிமைபோல உழைத்தவள். கதவைச் சாத்த மறந்ததால் உள்ளே வந்தாள், செத்தாள். கிழவியை அடித்தது கோடரியின் பின்புறத்தால். கூர்ப்பக்கம் அவனை நோக்கித்தான் இருந்திருக்கும். லிஸவேதாவை வெட்டியது கூர்ப்பக்கத்தால்.

அதன்பின் அவள் அவன் நினைவில் எத்தனை முறை வருகிறாள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். மிகக் குறைவு. 3ஆம் பாகம் 6ஆம் அத்தியாயத்தில் அவனே ஆச்சரியப்படுகிறான்: அவளைப் பற்றி ஏன் நினைப்பே வருவதில்லை, நான் கொல்லாதது போல? குற்றவுணர்ச்சி எங்கே என்று கேட்டீர்கள். அவன் பார்க்க மறுக்கும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அது உடைவது 5ஆம் பாகம் 4ஆம் அத்தியாயத்தில். கொன்றது யார் என்று, குடும்பத்துக்காக உடலை விற்கும் சோனியாவிடம் அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஊகிக்கச் சொல்கிறான். அவள் பயந்து இடது கையை முன்னால் நீட்டிப் பின்வாங்குகிறாள். கோடரிக்கு முன்னால் லிஸவேதா நின்றதும் இப்படித்தான், குழந்தை மாதிரி முகத்தோடு. சோனியாவின் முகத்தில் லிஸவேதாவின் முகத்தைப் பார்க்கிறான். அதே அத்தியாயத்தில் சோனியா தன் மரச்சிலுவையை அவனுக்குத் தர முன்வந்து, லிஸவேதாவின் செப்புச் சிலுவையைத் தான் அணிந்துகொள்வதாகச் சொல்கிறாள். முன்பு, செத்து உயிர்த்தெழுந்த லாசரஸின் பைபிள் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டிய புத்தகமும் லிஸவேதா கொடுத்ததே (4ஆம் பாகம், 4ஆம் அத்தியாயம்). கிழவியைப் பற்றிய வாதத்தில் அவன் கடைசிவரை தோற்க மறுக்கிறான். லிஸவேதாவுக்கு எதிராக அவனிடம் ஒரு வாதம்கூடக் கிடையாது.

பதில்

மொழி சார்ந்த ஒரு குறிப்பு. தலைப்பிலுள்ள ‘பிரெஸ்துப்ளேனியே’ என்ற சொல்லுக்குள் ‘தாண்டிப் போதல்’ என்ற பொருள் இருக்கிறது. தமிழில் ‘குற்றம்’ என்றதும் அது மறைந்துவிடுகிறது. ‘வரம்பு மீறல்’ கொஞ்சம் கிட்டே வரும். கொள்கையைக் கொன்றேன், ஆனால் தாண்டவில்லை, இந்தப் பக்கமே நின்றுவிட்டேன் என்று அவன் புலம்பும் வரியை (3ஆம் பாகம், 6ஆம் அத்தியாயம்) தலைப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். நீங்கள் சொன்ன ‘தோற்ற அவமானம்’ அந்த வரியில்தான் இருக்கிறது. வரம்பைத் தாண்டும் உரிமை உண்டு என்று அவன் நம்பிய நெப்போலியன் போன்ற ‘அசாதாரண மனிதனாக’ ஆக முடியவில்லை என்ற வலி அது, அறத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கேள்வி கேட்டவர்

லிஸவேதா விஷயம் கண்ணைத் திறந்தது, நன்றி. பின்கதைதான் இன்னும் இடிக்கிறது. ஆறு பாகம் அடம்பிடித்தவன் இரண்டு அத்தியாயத்தில் மாறிவிடுவதை நம்ப முடியுமா?

பதில்

மாறிவிட்டான் என்று நாவல் சொல்லவில்லையே. பின்கதையின் 2ஆம் அத்தியாயத்தில், சிறையில் அவன் நோயில் விழுந்ததற்குக் காரணம் அடிபட்ட தன்மானம் என்றே எழுதியிருக்கிறது. நெஞ்சைச் சுடும் மனவருத்தத்தை விதி அனுப்பியிருந்தால் சந்தோஷமாக ஏற்றிருப்பான், அது வரவில்லை என்றும் இருக்கிறது. இந்த வரிகளைத் தாண்டிவிட்டு ஆற்றங்கரைக் காட்சிக்குப் போவதால்தான் திடீர் மாற்றம் போலத் தெரிகிறது.

நடுவில் கொள்ளைநோய்க் கனவு இருக்கிறது. நுண்ணுயிர் தொற்றிய ஒவ்வொருவரும் உண்மை தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று நம்பி ஒருவரையொருவர் கொல்கிறார்கள். அவன் கட்டுரையில் எழுதிய ‘அசாதாரண மனிதன்’ எல்லோருமாக ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதல்முறையாக வெளியே நின்று பார்க்கிறான். பிறகு ஆற்றங்கரையில் சோனியாவின் காலில் விழுகிறான். அப்போதும் தலையணைக்கடியில் இருக்கும் நற்செய்தி நூலை எடுக்கிறான், ஆனால் திறக்கவில்லை. இன்னும் ஏழு ஆண்டு பாக்கி. ஆசிரியர் அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்லாமல் நிறுத்தியதை நான் நேர்மையாகவே பார்க்கிறேன்.

பதில்

பயம்தான் என்று இன்னும் சந்தேகம் இருந்தால் 6ஆம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் நிலைமையை எண்ணிப் பாருங்கள். சாயம் பூசும் நிகோலாய் கொலையைத் தான் செய்ததாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறான். விசாரணை அதிகாரி போர்ஃபிரிக்கு எல்லாம் தெரியும், ஆனால் நீதிமன்றத்தில் வைக்கும்படி வலுவான ஆதாரம் இல்லை. சோனியாவும் துன்யாவும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். சோனியாவிடம் அவன் ஒப்புக்கொண்டதை ஒட்டுக்கேட்ட ஸ்விட்ரிகைலோவ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்த செய்தி காவல் நிலையத்தில்தான் அவன் காதுக்கு வருகிறது.

அதற்குச் சற்று முன்புதான் சந்தை நடுவில் மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டான். கூட்டம் குடிகாரன் என்று சிரித்தது, ‘நான் கொன்றேன்’ என்ற சொல் நாக்கு நுனியிலேயே செத்துவிட்டது. இப்போது காவல் நிலையத்திலும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்குகிறான். யாரும் தடுக்கவில்லை, துரத்தவில்லை. முற்றத்தில் சோனியா வெளிறிப்போய் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபின் திரும்பி மறுபடி படியேறுகிறான்.