ஸ்டிக்கி கிளையண்ட்: "உடும்புப்பிடி" சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டிக்கி கிளையண்ட், அதாவது பக்கத்தில் வலுவான வைஃபைப் பெட்டி இருந்தும் தொலைவில் உள்ள பழைய பெட்டியை விடாத கருவி, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது. "ஒட்டும் வாங்கி", "ஒட்டுவாங்கி", "விடாப்பற்றி", "பசைக்கருவி" என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் என் டேப்லெட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும், எனக்குச் சொல் கிடைத்ததே அதனால்தான். (வைஃபையை அருகலை என்றும் டேப்லெட்டைப் பலகைக்கணினி என்றும் எழுதுபவர்கள் இந்த ஒரு மடலுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரே நேரத்தில் மூன்று சண்டை என்னால் முடியாது.)

பத்து வயதான டேப்லெட். படிக்க, பாட்டுக் கேட்க, அவ்வளவுதான் அதற்கு வேலை. வீட்டில் வைஃபைப் பெட்டி இரண்டு. கூடத்தில் ஒன்று, பின்னறையில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை நன்றாக ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனால் பக்கம் திறக்காது, காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே ஒற்றைக் கோடு. பக்கத்தில் கிடக்கும் கைபேசியில் முழுக் கோடு. நான் செய்யாத வைத்தியம் இல்லை. மறுதொடக்கம், பிணையத்தை மறக்கச் செய்து மறுபடி சேர்ப்பது, உறையைக் கழற்றுவது, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் சரியாகிவிடும்! மறுநாள் பழையபடி ஆகிவிடும். எதைச் செய்தாலும் குணமாகிற நோயென்றால், குணமாக்கியது அந்த மருந்து எதுவுமே இல்லை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பின்னறைப் பெட்டிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், டேப்லெட்டோ கூடத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு மைனஸ் 82 டிபிஎம்மில் தொங்குகிறது (டிபிஎம் சிக்னல் வலுவின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). வைஃபையை அணைத்துப் போட்டேன். பின்னறைப் பெட்டிக்கு வந்துவிட்டது, மைனஸ் 48. இடைவெளி 34 டெசிபெல். பத்து டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில், வந்து சேரும் ஆற்றலில் ஏறக்குறைய 2500 மடங்கு வித்தியாசம். முன்பு செய்த வைத்தியங்களில் பாதி, வேறு வழியில் வைஃபையை அணைத்துப் போட்டதுதான்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> பழைய டேப்லெட் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆன்டெனா தேய்ந்திருக்கும்.

ஆன்டெனா என்ன செருப்பா, தேய்வதற்கு? கீழே விழுந்து இணைப்பு தளர்ந்திருக்கலாம், அது வேறு. தேய்ந்திருந்தால் மைனஸ் 48 எங்கிருந்து வரும்? குறை காதில் இல்லை, புத்தியில். எந்தப் பெட்டியோடு சேர்வது, எப்போது விடுவது என்பதை வைஃபையில் முடிவு செய்வது ரவுட்டர் இல்லை, கையில் இருக்கும் கருவி. இது பலருக்குத் தெரிவதில்லை, ரவுட்டரைத் திட்டுகிறார்கள். நமக்குத் தெரிந்த உவமையே இருக்கிறது: குரங்குக்குட்டி தானே தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போகும். கைபேசி கோபுரங்களில், பேசிக்கொண்டே நகரும்போது, அளந்து சொல்வதோடு கைபேசியின் வேலை முடிந்தது. எந்தக் கோபுரத்துக்கு மாற்றுவது என்று பிணையம் தீர்மானிக்கும். அது பூனைக்குட்டி. வைஃபை குரங்குக்குட்டி. என் டேப்லெட் பழைய தாயை விடாத குட்டி.

ஏன் விடுவதில்லை? வேறு பெட்டி அருகில் இருக்கிறதா என்று பார்க்க, இருக்கும் தடத்தை (சேனலை) ஒரு கணம் விட்டு மற்றத் தடங்களில் காது கொடுக்க வேண்டும். அந்த நேரம் தரவு நிற்கும், பேட்டரியும் கொஞ்சம் போகும். அதனால் பிடித்த பிடி ஓரளவு தாங்கும்வரை தேடவே தேடாதே என்றுதான் மென்பொருளில் எழுதி வைத்திருப்பார்கள். ஆப்பிள் தன் ஐபேட், ஐபோன் கருவிகளுக்கு அந்த எல்லையை வெளிப்படையாகவே ஆவணத்தில் போட்டிருக்கிறது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போனால் தேடத் தொடங்கும், தரவு ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபெல்லும், சும்மா இருந்தால் 12 டெசிபெல்லும் கூடுதலாக இருக்கிற பெட்டிக்குத்தான் மாறும். என் டேப்லெட் வேறு இனம், அதன் எல்லை என்னவென்று அதைச் செய்தவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. மைனஸ் 82இலும் அது அசையவில்லை என்பது மட்டும் நான் கண்டது.

இப்போது நான்கு சொற்களையும் இதில் உரசிப் பாருங்கள்.

"ஒட்டும் வாங்கி": ஸ்டிக்கிக்கு ஒட்டும், கிளையண்டுக்கு வாங்கி, முடிந்தது வேலை. வழங்கிக்கு (சர்வருக்கு) எதிரே வாங்கி என்பது காகிதத்தில் அழகுதான். ஆனால் இங்கே வழங்கியே இல்லையே, இருப்பது ஒரு பெட்டியும் ஒரு டேப்லெட்டும். சுருக்கி "ஒட்டுவாங்கி" ஆக்கினாலோ, தட்டச்சில் ஒரு சுழி கூடினால் ஓட்டுவாங்கி. வேண்டாம் ஐயா.

"விடாப்பற்றி" இலக்கணத்தில் சுத்தம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முன்மொழிந்தவருக்கு ஒரு வணக்கம். ஆனால் "விடாப்பற்றி பற்றி ஒரு கட்டுரை" என்று எழுதிப் பாருங்கள். "பசைக்கருவி" என்றதும் எனக்குப் பசை தடவும் கருவிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்று. நால்வருமே கருவிக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். பெயர் வேண்டியது கருவிக்கா, கோளாறுக்கா? இதே டேப்லெட்டை ஒரே இடத்தில் வைத்தால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. நகரும்போது மட்டும் வருகிற நிலை இது. எனவே நிலைக்குப் பெயர் வைப்போம்: உடும்புப்பிடி. "டேப்லெட் உடும்புப்பிடியில் இருக்கிறது, வைஃபையை ஒருதரம் அணைத்துப் போடுங்கள்" என்று தொலைபேசியில் யாருக்குச் சொன்னாலும் விளங்கும், அருஞ்சொற்பொருள் தேவையில்லை. ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் "சிக்னல் இல்லை" என்பவருக்கு, சிக்னல் அறையில் இருக்கிறது, கருவிதான் வேறு எதையோ பிடித்துத் தொங்குகிறது என்று சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். கருவியைச் சுட்டியே ஆக வேண்டுமென்றால் உடும்புப்பிடிக் கருவி என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.

*

மறுநாள், அதே இழையில்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று சொன்னதில் இரண்டை விளக்க வேண்டியிருக்கிறது, ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

> உடும்புப்பிடி என்பது பாராட்டு அல்லவா? விடாமுயற்சிக்குச் சொல்வோம். கோளாறுக்கு எப்படிப் பொருந்தும்?

இரண்டுக்கும் சொல்கிறோம். கொண்ட கொள்கையில் உடும்புப்பிடி என்றால் பாராட்டு, "சொன்னால் கேட்காமல் உடும்புப்பிடியாக நிற்கிறான்" என்றால் திட்டு. கோட்டைச் சுவர் ஏற உடும்பின் இடுப்பில் கயிறு கட்டினார்கள் என்ற கதை உண்மையோ பொய்யோ, அங்கே பிடி விட்டால் ஆபத்து. இங்கே விடாவிட்டால் தொல்லை. சூழல் சொல்லிவிடும்.

> அப்படியானால் ரோமிங், ரோமிங் திரெஷோல்டு இவற்றுக்கெல்லாம்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நேற்று எனக்கு இது தோன்றவே இல்லை, இராத்திரி படுத்தபின் தோன்றியது. "பிடி" என்பதை வேராக வைத்துக்கொண்டால் குடும்பமே கிடைக்கிறது. ஒரு பெட்டியை விட்டு மற்றதற்கு மாறுவது பிடிமாற்றம். (கைமாற்றம் என்று ஒருவர் எழுதியிருந்தார், கைமாற்று என்றால் அவசரத்துக்கு வாங்கும் கடன்.) எந்த அளவுக்குக் கீழே போனால் விட வேண்டும் என்பது பிடிவிடு வரம்பு. நேர் எதிரான நோய் ஒன்று உண்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது கருவி நிமிடத்துக்கு ஒருதரம் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்கும். பிங்பாங் என்பார்கள், அது பிடிதாவல். ஐபேட் கணக்கில் வந்த 8, 12 டெசிபெல் கூடுதல் எல்லாம் இந்தத் தாவலைத் தடுக்கத்தான். பிடி என்றால் பெண் யானையும்தானே என்று ஒருவர் நினைவூட்டினார். ஆம், யானைக்கு இப்போதைக்கு வைஃபை இல்லை.

திருத்தம் இது: "கருவிதான் முடிவு செய்கிறது, ரவுட்டரைத் திட்டாதீர்கள்" என்று எழுதினேன். முடிவு கருவியுடையது என்பது சரி. ஆனால் பிடியைத் தளர்த்த பெட்டியில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதை நான் விட்டுவிட்டேன்; ஒரு அம்மா அதைச் சுட்டிக்காட்டியது முற்றிலும் நியாயம். வைஃபைத் தரநிலைகளில் 2008இல் வந்த 802.11கே அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைக் கருவிக்குத் தரும். அதே ஆண்டின் 802.11ஆர் பிடிமாற்றத்தின்போது மறையாக்கச் சாவிப் பரிமாற்றத்தை விரைவாக்கும். 2011இன் 802.11வி "நீ அந்தப் பெட்டிக்குப் போயேன்" என்று யோசனை சொல்லும், யோசனைதான், கருவி மறுக்கலாம். பழைய டேப்லெட்டுகள் பலவற்றுக்கு இந்த மூன்றும் புரியாது. போதாததற்கு, 802.11ஆரைப் போட்டு வைத்தால் சில பழைய கருவிகள் இணையவே மறுக்கும். ஆகவே புதுக் கருவிக்கு மருந்து, பழசுக்கு நஞ்சு.

பழசுக்குப் பலிப்பவை முரட்டு வைத்தியங்கள். கூடத்துப் பெட்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு ஆற்றலைக் குறைப்பது ஒன்று. சிக்னல் போதவில்லை என்று எல்லோரும் கூட்டுவார்கள், உடும்புப்பிடிக்குச் செய்ய வேண்டியது தலைகீழ். பெட்டி கத்துவது டேப்லெட்டுக்கு நன்றாகக் கேட்கிறது, அதனால் விடமாட்டேன் என்கிறது; டேப்லெட்டின் மெல்லிய குரலோ பெட்டிக்கு எட்டுவதில்லை. கத்தலைக் குறைத்தால் டேப்லெட்டுக்கும் தூரம் தெரியும். அடுத்தது, 1, 2, 5.5, 11 மெகாபிட் என்ற பழங்கால வேகங்களைப் பெட்டியில் அணைத்துவிடுவது. சிக்னல் தேயத் தேயக் கருவி வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் தொற்றிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்படிகளை எடுத்துவிட்டால் விட்டுத்தானே ஆக வேண்டும். இதில் வீட்டுக்கே ஒரு நன்மை உண்டு. ஒரே தடத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், 1 மெகாபிட்டில் இழுத்து இழுத்துப் பேசும் ஒரு டேப்லெட்டால் மற்ற எல்லாக் கருவிகளும் தாமதப்படும். சில பெட்டிகளில் இந்த அளவுக்குக் கீழே போனால் வெளியே தள்ளு என்று எல்லை வைக்கவும் முடியும். அதைக் கவனமாக வையுங்கள், தள்ளப்பட்ட கருவி மறுபடி அதே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக்கூடும்.

நான் செய்தது இவை எதுவும் இல்லை. பின்னறைப் பெட்டிக்குத் தனிப் பெயர் வைத்தேன், டேப்லெட்டில் கூடத்துப் பெயரை மறக்கச் செய்தேன். இப்போது அதற்குத் தெரிந்த வைஃபை ஒன்றே ஒன்று, பிடிமாற்றம் என்ற பேச்சே இல்லை. கூடத்துக்கு எடுத்துப் போனால் இணைப்புக் கொஞ்சம் மெலியும், புத்தகம் படிக்க அது போதும்.

அகராதிப் பதிவுக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் வேண்டும், இல்லாவிட்டால் பழைய டேப்லெட்டின் எல்லாக் கோளாறும் இந்தப் பெயரில் அடைக்கலம் தேடும். முழுக் கோடு இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் அது உடும்புப்பிடி இல்லை. பெரும்பாலும் கடிகாரம் தவறியிருக்கும், அல்லது தளம் அசல்தான் என்று உறுதி சொல்லும் சான்றிதழில் கோளாறு: ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கருவிகளில் பல தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலச் சான்றிதழ் கிடையாது, பழைய மூலத்தின் பெயரில் அவற்றுக்கு ஓடிக்கொண்டிருந்த குறுக்குச் சான்றிதழ் 2024 செப்டம்பர் 30இல் காலாவதியாகிவிட்டது. சொந்தச் சான்றிதழ்களோடு வரும் ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவி, அந்தக் கருவியில் ஓடும் பதிப்பு கிடைத்தால், அங்கே உதவும். பிணையம் பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் பெட்டி 12 அல்லது 13ஆம் தடத்தில் இருக்கிறதா, டேப்லெட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டுமா என்று பாருங்கள். தெரிகிறது, ஆனால் சரியான கடவுச்சொல்லையும் ஏற்க மறுக்கிறது என்றால் பெட்டி டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று இருக்கலாம்.

என் முன்மொழிவு இப்படி:

உடும்புப்பிடி (பெயர்ச்சொல்): அருகில் வலுவான அணுகல்புள்ளி (வைஃபைப் பெட்டி) இருந்தும், கம்பியில்லாக் கருவி தொலைவில் உள்ள பழைய அணுகல்புள்ளியின் இணைப்பை விடாதிருக்கும் நிலை. தொடர்புடையவை: பிடிமாற்றம், பிடிவிடு வரம்பு. எதிர்: பிடிதாவல்.

மறுப்பவர்கள் வெறுமனே "பிடிக்கவில்லை" என்று எழுதாமல் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். பிடிதாவலை விட நல்ல சொல் கிடைத்தால் அதை இப்போதே விட்டுவிடத் தயார், அதில் எனக்கே முழு நிறைவு இல்லை.