மாமாவின் சீக்கோ: சூறாவளிக்கு முந்தியதா, பிந்தியதா?

பழைய மணிக்கூடு வைத்திருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒரு சீக்கோ 5. மட்டக்களப்பு கல்லடியில் அம்மாவின் அலுமாரிக்குள், ஒரு பிஸ்கட் டின்னில், பழைய அடையாள அட்டைகளோடு கிடந்தது. பெரிய மாமாவுடையது.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கதை உண்டு. 78 சூறாவளி அன்று ஓடுகள் பறக்க, மாமா இந்த மணிக்கூட்டைக் கட்டிய கையால்தான் அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாராம். எங்கள் பக்கத்தில் எதற்கும் சூறாவளிக்கு முதல், சூறாவளிக்குப் பிறகு என்றுதானே கணக்கு. நானும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

பின்மூடியில் இருந்த அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன். 7009 என்று ஓர் எண் தெரிந்தது. அது உள்ளே ஓடும் இயந்திரத்தின் எண். பக்கத்தில் ஆறு இலக்கத் தொடர் எண், 25 என்று தொடங்கியது. அந்தக் காலச் சீக்கோவில் தொடர் எண்ணின் முதல் இலக்கம், செய்த வருடத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது, மாதம். நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ என்று ஆங்கில எழுத்து வரும். ஆக, 2இல் முடியும் ஒரு வருடம், மே மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை அந்த எண் சொல்லாது, நாம்தான் பிடிக்க வேண்டும். 7009 எழுபதுகளின் பிற்பகுதியில் வந்தது, அதனால் 1972 சரிவராது. மாமா சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியது 1986இல், அப்போதே இது அவர் கையில் இருந்தது, அதனால் 1992உம் இல்லை. மிஞ்சுவது 1982 மே. சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23.

இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மனம் கேட்கவில்லை, சொன்னேன். அம்மா கொஞ்சமும் அசையவில்லை.

“அந்த மணிக்கூடு அண்டைக்கே போயிற்று மகன். இது அண்ணன் சவூதியால வரக்குள்ள கட்டிக்கிட்டு வந்தது.”

மணிக்கூடு இரண்டு. கதை ஒன்றாகிவிட்டது. இத்தனைக்கும் டயலிலேயே ஒரு தடயம் இருந்திருக்கிறது: மூன்று மணிப் பக்கச் சின்ன ஜன்னலில் கிழமை அரபு எழுத்தில் நின்றது. விற்கப்போகும் நாட்டைப் பார்த்துத்தான் சீக்கோ கிழமைச் சில்லில் மொழிகளை அச்சிடும். மத்திய கிழக்குக்குப் போனவற்றில் ஆங்கிலமும் அரபும் இருக்கும். உங்கள் வீட்டுச் சீக்கோவிலும் கிழமையை மாற்றிப் பாருங்கள். ஆனால் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை நாலு மணி வரை மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் திகதியை நகர்த்தும் பற்சில்லு கொழுவி நிற்கும், வலிந்து திருப்பினால் பல் உடையும்.

அப்புறம் திருத்த வேலை. முதலில் போன கடையில், டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடித்துத் தரலாம், பளபள என்று இருக்கும் என்றார்கள். ஏழு மணிக்குப் பக்கத்தில் பருப்பளவு ஒரு கறை, அவ்வளவுதான். அதற்காக முழு முகத்தையும் அழிப்பதா? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காத்தான்குடியில் மணிக்கூடு திருத்துகிற ஒரு காக்கா இருக்கிறார் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). லென்ஸைக் கண்ணில் வைத்தால் கூப்பிட்டாலும் காது கேட்காது. அவர் பின்மூடியைத் திறந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். ரப்பர் வாசர் தார் போல இளகி ஓரமெல்லாம் ஒட்டிக்கிடந்தது. சில்லுகளின் அச்சைத் தாங்கும் கல்லுகளைச் சுற்றி எண்ணெய் காய்ந்து, தேநீர்க் கோப்பையின் அடியில் படியும் வளையம் போல ஒரு பழுப்பு. திருகின் தண்டில் துரு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்க் காற்று, வாசர் போனால் பிறகு எதையும் விட்டுவைக்காது.

“சும்மா எண்ணெய் விட்டா ஓடும் தம்பி. ஆறு மாசத்துல தின்னுடும். முழுக்கக் கழட்டிக் கழுவணும்.”

மூன்று வாரம் எடுத்தார். தண்டும் வாசரும் மாற்றினார், கண்ணாடியும் மாற்றினார். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம், இது ஹார்ட்லெக்ஸ் என்ற சீக்கோவின் கடினக் கண்ணாடி, தேய்த்துப் பயனில்லை. பெட்டியை பொலிஷ் பண்ணட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாமாவின் சைக்கிள் ஹேண்டில் பட்ட தேய்மானம் அதில் இருக்கிறது.

இந்த இயந்திரத்துக்குச் சாவி கொடுக்க முடியாது, கை அசைந்தால்தான் ஏறும். காக்கா லேசாக இரண்டு ஆட்டு ஆட்டிக் காதருகே பிடித்தார். மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. இப்போது ஒரு நாளைக்கு எட்டு நொடி முந்துகிறது. எனக்குப் போதும். கிழமையை அரபிலேயே விட்டிருக்கிறேன். மாமா அப்படித்தான் வைத்திருந்தார்.

*

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். டயலைச் சுரண்டும் கதையைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

வாப்பாவின் வாப்பா கட்டிய வெஸ்ட் எண்ட் மணிக்கூடு ஒன்று எங்களிடம் இருக்கிறது. வயல்காரர், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது இருட்டில் மணி தெரியுமாம். எனக்குத் தெரிந்த நாளாக அது ஒளிர்ந்ததில்லை. எண்களின் மேல் பழுப்பாக ஒரு பசை மட்டும். ஊசியால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று உட்கார்ந்தே விட்டேன். நல்ல வேளை, அதற்குள் உம்மா சாப்பிடக் கூப்பிட்டா.

பிறகு தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் ஒளிரும் டயல்களுக்கும் முள்ளுகளுக்கும் கதிர்வீச்சு உள்ள ரேடியம்தான் பூசினார்கள். அறுபதுகளில்தான் அதைவிட ஆபத்துக் குறைந்த டிரிட்டியத்துக்கு மாறினார்கள். ஒளி செத்துவிட்டது என்றால் ரேடியம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. செத்தது அதோடு கலந்த, கதிர்வீச்சுப் பட்டு ஒளிரும் துத்தநாக சல்பைட். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். 1920களில் அமெரிக்காவில் தூரிகையை உதட்டில் கூராக்கி டயல் எழுதிய பெண்கள் தாடையெலும்பு அரித்து இறந்திருக்கிறார்கள். தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து. எங்களுடையதை மூடியபடியே வைத்திருக்கிறோம். கட்டுவதில்லை, திறப்பதும் இல்லை. தயவுசெய்து யாரும் சுரண்ட வேண்டாம்.

*

கல்லடியிலிருந்து மறுபடியும். நீங்கள் எழுதியதை நேற்றுக் காக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய், பழைய முள்ளுகள் போட்டு வைத்திருக்கும் டின்னை எடுத்து வந்தார். மூடியைத் திறக்கவில்லை. சுற்றிலும் டேப் ஒட்டி, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத மேல் தட்டில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.