பேட்டரி ரம்பமா, பெட்ரோல் ரம்பமா: கையில் பிடித்தவர்கள் சொல்லுங்கள்

தாண்டிக்குடி காப்பிக்காரர்

ஆறு ஏக்கர் காப்பி வைத்திருக்கிறேன். நிழலுக்கு சில்வர் ஓக், முள்முருங்கை, பலா. ஓக் மரங்களில் மிளகுக் கொடி. மழை பிடிப்பதற்கு முன் வருஷா வருஷம் நிழல் மரங்களைக் கவாத்து செய்தாக வேண்டும். விட்டால் செடிக்கு வெளிச்சம் போதாமல் காய்ப்பு குறைந்துவிடும். பதினோரு வருஷம் பெட்ரோல் செயின் ரம்பம் வைத்திருந்தேன். கடைசி இரண்டு கவாத்தும் பேட்டரி ரம்பத்தில் நடந்தது. வாங்குவதற்கு முன் விசாரித்தபோது எல்லோரும் 'பவர் இருக்குமா, எவ்வளவு நேரம் ஓடும்' என்று மட்டும்தான் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது சத்தம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மரம் ஏறுகிறவர் ஒற்றை மூங்கில் ஏணியில் 20 அடி ஏறி, இடுப்புக் கயிற்றை மரத்தோடு கட்டிக்கொண்டு, ரம்பத்தை வடத்தில் மேலே இழுப்பார். பெட்ரோல் மிஷின் என்றால் அந்த உயரத்தில் சோக் போட்டு, ஒரு கையில் அதைப் பிடித்து, மறு கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். நாலு இழுப்பில் பிடிக்காவிட்டால் ஏணியே ஆடும். கீழே நிற்கிற எனக்கு அடிவயிறு கலங்கும். பிடித்துவிட்டால் அணைக்க மனம் வராது. கிளைக்குக் கிளை மாறும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கீழேயிருந்து கத்துவது அவருக்குக் கேட்காது. மண்கட்டியை மரத்தில் எறிந்துதான் கூப்பிடுவோம். ஒரு வருஷம் அப்படி எறிந்தது அவருக்குத் தெரியவில்லை. மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் கூடை மேல் கிளை வந்து விழுந்தது. கூடைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அன்று வேலையை அதோடு நிறுத்திவிட்டேன்.

பேட்டரி ரம்பத்தில் விரலை எடுத்தால் சங்கிலி நின்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். "அண்ணே, இது கெழக்க சாயுது, ஆளை நகத்துங்க" என்று மேலேயிருந்து சொல்கிறார், நான் சரி என்கிறேன், அப்புறம்தான் வெட்டு விழுகிறது. போன மே மாதம் தோட்டத்தின் அடிவாரத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள் சுள்ளி முறிகிற சத்தம் முதலில் அவருக்குத்தான் கேட்டது. காட்டுமாடு, இரண்டு பெரியது, ஒரு கன்று. எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டோம். பெட்ரோல் மிஷின் ஓடியிருந்தால் அவை செடிக்குள் வந்து நின்ற பிறகுதான் பார்த்திருப்போம்.

குறையும் இருக்கிறது. ஒன்றரை அடி விட்டமுள்ள பலா ஒன்று சாய்ந்து கிடந்தது. பாதி அறுப்பதற்குள் ரம்பம் சூடாகி தானே நின்றுவிட்டது. பத்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டால் பேட்டரி தீர்ந்தது. கடைசியில் பழைய பெட்ரோல் மிஷினைத்தான் எடுத்து வந்தோம்.

கணக்கு இதுதான். என்னுடையது 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 180 வாட்-மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9,000 வாட்-மணி இருக்கிறது. சின்ன இன்ஜின் அதில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகவும் புகையாகவும் வீணாக்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், என் பேட்டரி நூறு மில்லி பெட்ரோலுக்குத்தான் சமம். கவாத்துக்கு இது போதும். ரம்பம் மரத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான் செலவு, ஏறி இறங்கும் நேரம் இலவசம். இரண்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு அரை நாள் ஓட்டுகிறோம். இரண்டாவது பேட்டரியின் விலை மிஷின் விலையில் பாதி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேராவூரணி தென்னை

அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து அனுபவத்தையும் கேளுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்களைக் கடந்துபோனது. 140 தென்னையில் நின்றது 9. வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை மரத்துக்கு மேல் மரம். கரண்ட் கம்பமெல்லாம் வயலில் படுத்துக் கிடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 27 நாள் ஆனது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். அதில் செல்போனுக்குச் சார்ஜ் போட இருபது பேர் நிற்போம். அந்த வரிசையில் ரம்பத்து பேட்டரியை எங்கே சொருகுவது? வெளி மாவட்டத்திலிருந்து பெட்ரோல் மிஷினோடு வந்த ஆட்கள்தான் எங்களுக்கு வழி திறந்துவிட்டார்கள். கேனில் ஐந்து லிட்டர், ஒரு பாட்டில் ஆயில், ஓர் அரம். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓட்டினார்கள்.

அரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. மேல்பட்டை பக்கம் இரும்பு, உள்ளே பஞ்சு. நாலு மரம் அறுத்தால் செயின் மழுங்கிவிடும். மழுங்கிய செயினில் தூள் மாவு மாதிரி வரும், கூர் இருந்தால் செதில் செதிலாக வரும். வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அரம் எடுத்தார்கள். மழுங்கிய செயின் பேட்டரியைக் குடித்துவிடும். பெட்ரோலாவது கேனில் இருக்கிறது.

இன்னொன்று, எந்த மிஷினாக இருந்தாலும் சரி: வேரோடு சாய்ந்த மரத்தைத் தூரை ஒட்டி அறுக்கும்போது குழியின் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மரத்தின் பாரம் போனதும் மண்ணோடு இருக்கும் தூர் விருட்டென்று நிமிரும். என் மச்சான் குழிக்குள் வைத்திருந்த மண்வெட்டி அப்படியே புதைந்து போனது. பிள்ளைகள் அந்தக் குழியில்தான் ஒரு மணி நேரத்துக்கு முன் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கோவை பட்டறை

ரம்பம், புல் வெட்டும் மிஷின், ஸ்பிரேயர் எல்லாம் பழுது பார்க்கிறேன், 22 வருஷமாக. கைத்தெளிப்பானில் இந்த மாற்றத்தை நான் முன்பே பார்த்துவிட்டேன். பெட்ரோல் ஸ்பிரேயர் வரிசையாக நின்ற பட்டறையில் இன்று பேட்டரி ஸ்பிரேயர்தான் அதிகம். ரம்பமும் அந்தப் பக்கம் மெதுவாக நகர்கிறது. மின்சார ரம்பம் புதிது என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் முதலில் செய்ததே கரண்டில் ஓடும் ரம்பம்தான், அதைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். பெட்ரோல் ரம்பம் 1929-இல் வந்தது.

என்னிடம் வரும் பெட்ரோல் ரம்பங்களில் பெரும்பாலானவை டேங்கில் பெட்ரோலோடு ஆறு மாதம் கிடந்தவை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்பரேட்டருக்குள் பச்சையாகப் படிந்து, ரப்பர் தகடு விறைத்துப் போகும். வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். பெட்ரோலில் இன்ஜின் ஆயில் கலக்கும் அளவிலும் கவனம் வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. வெறும் பெட்ரோல் ஊற்றி பிஸ்டன் கீறிப்போய் வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்; ஒரு மிஷினை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள்.

பேட்டரி ரம்பத்தில் வரும் பழுது வேறு. 'இதற்கு எண்ணெயே வேண்டாம்' என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். இன்ஜினுக்குத்தான் வேண்டாம், செயினுக்குக் கட்டாயம் வேண்டும். போன மாதம் வந்த ஒன்றில், செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடான 'பார்' நீலம் பாரித்து, செயின் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சரி செய்துவிடுவேன். உள்ளிருக்கும் மின்னணு பலகை போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். பிஸ்டனைத் தொட்டுப் பார்த்தே பழுது சொல்கிறவன் நான். பெட்டிக்குள் மூடி வைத்ததைத் திறக்கவும் கற்றுக்கொள்ளவும் எங்களைப் போன்றவர்களுக்கு யாராவது வழிகாட்ட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

திண்டிவனம்

ஆன்லைனில் '88 வோல்ட்' என்று போட்டிருந்த ஒரு கை ரம்பம் வாங்கினேன். முருங்கைக் கிளைக்குப் பரவாயில்லை, வேப்பங்கிளையில் திணறியது. பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து செல். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. வாங்குகிறவர்கள் செல்லை எண்ணிப் பாருங்கள். அதைவிட முக்கியம், விசையை அழுத்தினாலே ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையன் பொம்மைத் துப்பாக்கி மாதிரி தூக்கிவிட்டான். அன்றிலிருந்து பேட்டரியைக் கழற்றி பீரோவில் பூட்டுகிறேன்.

சாக்ரமெண்டோவிலிருந்து

பெட்ரோலிலிருந்து பேட்டரிக்கு மாறுவது கலிஃபோர்னியாவில் சட்டமாகவே வந்துவிட்டது. 2021 அக்டோபரில் கையெழுத்தானது. இலை ஊதி, புல்வெட்டி போன்றவற்றின் சின்ன இன்ஜின்கள், 2024 மாடலிலிருந்து புகையில்லாதவையாக இருக்க வேண்டும். பழையதை வைத்திருப்பவர்கள் ஓட்டலாம். 45 சிசியும் அதற்கு மேலும் உள்ள பெரிய செயின் ரம்பங்கள் இதில் வராது. எங்கள் தோட்டத்துக்கு வருகிற மெக்சிகோக்காரர் பேட்டரி இலை ஊதிக்கு மாறியதும் சொன்னது, ராத்திரி காதில் இரைச்சல் இல்லாமல் தூங்குகிறாராம். ஆனால் ஒரு நாள் முழுக்க ஓட்ட எட்டு பேட்டரி சுமக்கிறார், அதற்கான பணம் அவர் கையிலிருந்துதான் போனது. அப்புறம் பேராவூரணி நண்பர் சொன்னது இங்கேயும் உண்டு. காட்டுத்தீக் காற்று அடிக்கிற நாட்களில் முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்துகிறார்கள், மரம் விழுவதும் அதே நாட்களில்தான்.

தாண்டிக்குடி காப்பிக்காரர்

பேராவூரணித் தம்பி, மண்வெட்டி விஷயத்தை எங்கள் ஆட்களிடம் இன்றே சொல்லிவிட்டேன். பழைய பெட்ரோல் மிஷினை விற்கலாம் என்றிருந்தேன், விற்கவில்லை. பட்டறை ஐயா சொன்னபடி டேங்கைக் காலி செய்து ஓடவிட்டு வைத்தாயிற்று.

வெயில் நேரத்தில் சுடச்சுடக் கழற்றிய பேட்டரியை சார்ஜரில் போட்டால் ஏற மறுக்கிறது, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. நிழலில் அரை மணி வைத்துவிட்டுப் போட்டால் சரியாக ஏறுகிறது. நாளைக் காலை மேல்பாத்தி ஓக் வரிசை. இங்கே மலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வருகிறது, கரண்ட் எப்போது போகுமோ தெரியாது. இரண்டு பேட்டரியையும் இப்போதே போட்டுவிட்டு வருகிறேன்.